கடல் மட்டம் உண்மையிலேயே உயருகிறதா? சந்தேகப்படுவோரின் கேள்விகளும் பதில்களும்

பருவநிலை மாற்றம் பற்றிப் பேசக் கடலோர ஊர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போகும்போது திரும்பத் திரும்ப என் முன்னால் வந்து நிற்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பலர் கடலில் கண் விழிப்பவர்கள். அவர்களுடைய சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்குவது பெரிய தவறு. பல சந்தேகங்களில் நியாயம் இருக்கிறது. சிலவற்றில் உண்மை கேட்பவர் பக்கமே இருக்கிறது. அவர்கள் எங்கே சரி, எங்கே கணக்கு வேறு என்று பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறேன்.

நாற்பது வருடமாக இதே கரையில் நிற்கிறேன். கடல் உயர்ந்ததாகத் தெரியவில்லையே?

கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்களின் சராசரி மட்டம் உயர்ந்தது சுமார் 20 செ.மீ. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. 1993 முதல் இன்றுவரை சுமார் 10 செ.மீ., அதாவது ஓர் உள்ளங்கை அகலம். சென்னைக் கரையில் ஓதம் ஏறி இறங்கும்போது தண்ணீர் ஒரே நாளில் ஒரு மீட்டர் அளவுக்கு மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் பெருத்து நிற்பதையும் மாசி, பங்குனியில் தாழ்ந்து கிடப்பதையும் மீனவர்கள் நன்றாக அறிவார்கள். இத்தனை ஆட்டத்துக்கு நடுவே ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஏற்றத்தை யார் கண்டுபிடிக்க முடியும்?

உள்ளங்கை அகலத்துக்கு ஏன் இத்தனை கவலை என்று உடனே அடுத்த கேள்வி வரும். புயல் நாளில் கடல் அந்த உள்ளங்கை உயரத்தைத் தன்னுடைய தொடக்கமாக வைத்துக்கொண்டு மேலே எழும்புகிறது. முன்பு வாசற்படியோடு நின்ற வெள்ளம் அன்று படி தாண்டுகிறது. கரையோரக் கிணற்றில் நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையில் உள்ள எல்லையும் அதனால் நகர்கிறது.

ஆடிக்கொண்டே இருக்கும் கடலை மில்லிமீட்டர் கணக்கில் எப்படி அளக்கிறார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பழைய துறைமுகங்களில் ஓத அளவி என்று ஒரு கருவி உண்டு. கடலுக்குள் செங்குத்தாக இறக்கிய ஒரு குழாய், அதன் அடியில் சின்னத் துளை. அலை வந்து அடிக்கும்போது அந்தத் துளை வழியாகத் தண்ணீர் உடனே உள்ளே பாய்ந்துவிட முடியாது. அதனால் வெளியே அலை கொந்தளித்தாலும் குழாய்க்குள் தண்ணீர் அமைதியாக இருக்கும். ஓதத்தின் மெதுவான ஏற்ற இறக்கம் மட்டும் உள்ளே தெரியும். அந்தத் தண்ணீரில் ஒரு மிதவை. மிதவையோடு கயிற்றால் இணைத்த பேனா, சுழலும் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே போகும். மும்பையில் இப்படி எடுத்த பதிவுகள் 1878 முதல் இருக்கின்றன. உலகெங்கும் எடுக்கும் இத்தகைய பதிவுகளைச் சேர்த்துக் காக்க 1933இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு நிலையமே தொடங்கினார்கள்.

1992இல் ஏவிய டோபெக்ஸ் போஸைடான் செயற்கைக்கோளும் அதன் வழிவந்தவையும் 1,336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் அலையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளந்து வந்திருக்கின்றன. ஓர் அளவீட்டில் சில செ.மீ. பிழை இருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை உலகக் கடல்களைச் சுற்றி எடுக்கும் லட்சக்கணக்கான அளவீடுகளைச் சராசரி எடுக்கும்போது, ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இருக்கும் பிழைகள் தங்களுக்குள் கழிந்துவிடுகின்றன. ஆனால் கருவியே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சராசரி உதவாது. முதல் செயற்கைக்கோளின் தொடக்க ஆண்டுகளில் அப்படி ஒரு சாய்வு இருந்தது; கரையில் இருந்த ஓத அளவிகளோடு ஒப்பிட்டபோது பிடிபட்டது, பிறகு திருத்தினார்கள்.

இதையே "எண்களை மாற்றிவிட்டார்கள்" என்று குற்றமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் காட்டுவது வேறு இரண்டு கருவிகளை. கிரேஸ் என்பவை சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த இரட்டைச் செயற்கைக்கோள்கள். தங்கள் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துக் கீழே உள்ள பனியும் நீரும் எவ்வளவு எடை என்று 2002 முதல் கணக்கெடுத்தன. ஆர்கோ என்பவை கடலில் மிதக்கும் ஏறக்குறைய நான்காயிரம் மிதவைகள். 2,000 மீட்டர் ஆழம் வரை போய் வெப்பத்தையும் உப்பையும் அளந்து மேலே வந்து தகவல் அனுப்புகின்றன. பனி உருகிச் சேர்ந்த நீர் எவ்வளவு என்று முதலாவது சொல்கிறது. சூடேறிய கடல் எவ்வளவு விரிந்தது என்று இரண்டாவது சொல்கிறது. இரண்டையும் கூட்டினால் ரேடார் அளந்த உயர்வு ஏறக்குறைய அப்படியே வருகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சாட்சிகள் ஒரே கதையைச் சொல்லும்போது நான் நம்புகிறேன்.

டம்ளரில் ஐஸ் உருகினால் தண்ணீர் உயராது. பிறகு கடல் மட்டும் எப்படி உயரும்?

ஆர்க்கிமிடீஸ் சொன்னது சரி. வடதுருவக் கடலில் மிதக்கும் பனி முழுதும் உருகினாலும் மட்டம் அநேகமாக மாறாது. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் மலைகளிலும் உள்ள பனி தரைமேல் நிற்கிறது. அது டம்ளருக்கு வெளியிலிருந்து உள்ளே விழும் ஐஸ். கிரீன்லாந்துப் பனி மட்டும் முழுதும் உருகினால் சுமார் 7 மீட்டர் உயரும். அதற்கு நூற்றாண்டுகள் பல பிடிக்கும். 1971க்குப் பிந்தைய உயர்வில் ஏறக்குறைய பாதிக்குப் பனி காரணமே இல்லை. வெப்பமானியில் பாதரசம் ஏறுவதுபோல, சூடான கடல் தானாக விரிந்ததால் வந்தது அது.

ஸ்வீடனில் கடல் இறங்குகிறதாமே? அப்படியானால் உலகம் முழுதும் உயருகிறது என்பது பொய்தானே?

ஸ்வீடனில் இறங்குவது உண்மை. வெப்பநிலை அளவுகோலுக்குப் பெயர் தந்த செல்சியஸ், 1731இல் யெவ்லே நகருக்கு அருகே ஒரு தீவின் பாறையில் அன்றைய கடல் மட்டத்தைக் கோடாகச் செதுக்கினார். இன்று அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியுகத்தில் அந்த நிலத்தின்மேல் கிலோமீட்டர் கணக்கில் பனி அழுத்திக்கொண்டிருந்தது. பாரம் நீங்கிப் பல ஆயிரம் ஆண்டு ஆகியும், ஆள் எழுந்துபோன மெத்தையைப் போல நிலம் இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. கடல் உயருவதைவிட நிலம் வேகமாக உயருகிறது.

ஜகார்த்தாவில் இதற்கு நேர் எதிர். நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அந்நகரின் வடபகுதி ஆண்டுக்குப் பல செ.மீ. தாழ்ந்தது. அதை முழுக்கப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுகிறவர்களும் தவறுதான் செய்கிறார்கள். ஓத அளவி காட்டுவது எப்போதும் இரண்டின் வித்தியாசத்தை: கடல் எவ்வளவு ஏறியது, நிலம் எவ்வளவு அசைந்தது. இரண்டையும் பிரிக்காமல் ஒரே துறைமுகத்தின் எண்ணைத் தூக்கிக்கொண்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் கொஞ்சம் நிதானியுங்கள்.

மாலத்தீவு முப்பது வருடத்தில் மூழ்கும் என்று 1988இல் செய்தி வந்தது. மூழ்கவில்லை. துவாலு வளர்ந்தே இருக்கிறதாம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இரண்டும் உண்மை. 1988 செப்டம்பரில், கடல் முப்பது ஆண்டில் மாலத்தீவை முழுவதும் மூடிவிடக்கூடும் என்று அந்நாட்டு அதிகாரிகளை மேற்கோள் காட்டிச் செய்தி வந்தது. 2018 வந்து போனது, தீவுகள் இருக்கின்றன. அது மிகைப்படுத்தல். 2009 அக்டோபரில் அதிபர் முகமது நஷீத் கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் "நாளையே மூழ்கும்" என்ற படிமமும் அதோடு சேர்ந்து மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியது பொய்யானபோது மொத்தமும் பொய் என்று மக்கள் நினைத்தார்கள். அதற்கு மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துவாலுவைப் பற்றி 2018இல் பால் கென்ச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு 101 தீவுகளின் வான்படங்களை ஒப்பிட்டது. 1971 முதல் 2014 வரை மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. சந்தேகவாதிகள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ஆய்வின்படி, துவாலுவைச் சுற்றிக் கடல் உலகச் சராசரியைப்போல இரு மடங்கு வேகத்தில் உயர்ந்திருக்கிறது. கடல் உயர்ந்தும் தீவு எப்படி வளர்ந்தது? அந்தத் தீவுகள் பவளப்பாறை உடைந்து அலையில் ஒதுங்கிச் சேர்ந்த மணலும் கற்களும்தான். அலை ஒரு பக்கம் அள்ளி மறுபக்கம் போடுகிறது. புயல் கூட மேலே கல்லைக் குவித்துவிட்டுப் போகிறது. பவளம் உயிரோடு இருக்கும்வரை புது மணல் கிடைக்கும். கடல் சூடானால் முதலில் வெளுத்துச் சாவது அந்தப் பவளம்தான்.

நிலப்பரப்பு இருப்பது வேறு, அதில் வாழ முடிவது வேறு. துவாலு மக்கள் நிலத்தடி நன்னீர் வரை ஆழமாகக் குழி தோண்டி, புலாக்கா என்ற சேம்பு வகையைப் பயிரிட்டு வந்தவர்கள். அந்தக் குழிகளில் உப்பு ஏறினால் கிழங்கு அழுகிப்போகும். வான்படத்தில் தீவு அதே அளவில்தான் தெரியும். 2023இல் ஆஸ்திரேலியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 280 துவாலு குடிமக்கள் அங்கே குடியேறலாம். பத்தாயிரம் பேரே வாழும் நாட்டுக்கு அது எத்தனை பெரிய எண் என்று எண்ணிப் பாருங்கள்.

மாலத்தீவில் 1970களில் கடல் இறங்கியது என்று ஸ்வீடன் நிலவியலாளர் நீல்ஸ் ஆக்சல் மோர்னர் கூறியதையும் சிலர் எடுத்து வருவார்கள். அவ்வளவு பெரிய இறக்கத்துக்கு இயற்பியல் காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்று கடல்மட்ட ஆய்வாளர் பிலிப் வுட்வொர்த் 2005இல் எழுதினார். அதன் பிறகு அங்குள்ள அளவிகள் உயர்வையே காட்டுகின்றன.

எங்கள் ஊர்க் கரை அரிந்துபோனதற்கும் கடல் மட்ட உயர்வுதானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. இதைச் சொன்னால் சுற்றுச்சூழல் நண்பர்களே என்மேல் வருத்தப்படுகிறார்கள். ஆனால் சொல்லாமல் இருப்பது நம் கரைக்குச் செய்யும் துரோகம்.

வடசென்னையின் மீனவக் குப்பம் ஒன்றில், கல் கொட்டிய கரையில் என்னோடு நின்ற ஒரு பெரியவர் தண்ணீருக்குள் கை நீட்டிக் காட்டினார். வலை காயப்போட்ட மேடு அங்கே இருந்தது, அதற்கும் அப்பால் கரைவலை இழுக்கும் மணல் என்றார். கடல் உயர்ந்ததால் போனதா என்று கேட்டேன். துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே எங்கள் மணல் போனது, அவ்வளவுதான் என்றார். நூற்றைம்பது ஆண்டு வரலாறு அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல்சுவர் நீட்டத் தொடங்கினார்கள். தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் ராயபுரத்திலிருந்து கரை கரைந்தது. மெரினாவில் காற்று வாங்கும் நம் மகிழ்ச்சிக்கு வடசென்னை விலை கொடுத்திருக்கிறது.

புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் கட்டிய துறைமுகச் சுவரும் இதையே செய்தது. கடற்கரைச் சாலையின் மணல் போய், பாறாங்கல் குவியல் மட்டும் மிஞ்சியது. 2018இல் அங்கே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு மணல் திரும்ப ஒதுங்கியது. கடல் மட்டம்தான் காரணம் என்றால் அந்த மணல் திரும்பி வந்திருக்குமா? ஓர் ஊரில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்தடுப்பு, போட்டால் அடுத்த ஊரின் கரை அரிப்பதும், அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்டுப் போராடுவதும் நம் கடற்கரையில் நாம் அன்றாடம் பார்ப்பது. ஆற்று மணலை அள்ளியது, அணைகளில் வண்டல் தங்கியது எல்லாம் இதோடு சேரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் மூழ்கியதற்குப் பல ஆண்டுகளாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம். தனுஷ்கோடியை அழித்தது 1964 டிசம்பர் புயல்.

சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஆராய்ந்து, இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருக்கிறது, 26.9 சதவீதத்தில் மணல் சேர்ந்திருக்கிறது என்று கண்டது. தமிழ்நாட்டில் அரிக்கும் பங்கு 40 சதவீதத்துக்கு மேல். கடல் மட்டம் மட்டுமே காரணமாக இருந்தால் கால்வாசிக்கு மேல் கரை வளர்ந்திருக்காது. பழியை முழுதும் பருவநிலைமேல் போட்டால், கல் கொட்டும் ஒப்பந்தத்தையும் துறைமுக விரிவாக்கத்தையும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதே சமயம் மணல் வற்றிய கரைக்கு ஏறுகிற கடலைத் தாங்கும் சக்தி இல்லை. இன்று மணலைக் காப்பாற்றாவிட்டால் நாளைய ஒரு சாண் உயர்வு நம்மை இரண்டு மடங்கு அடிக்கும்.

கடல்கோள் பற்றி நம் பழைய இலக்கியமே பேசுகிறது. இயற்கையில் எப்போதும் நடப்பதுதானே?

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அப்போது நடந்து கடக்கக்கூடிய நிலம். பனி உருகிக் கடல் ஏறியது இயற்கைதான். அந்த ஏற்றம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் அடங்கிவிட்டது. துறைமுகங்கள், வயல்கள், கோயில்கள் எல்லாம் அந்த அமைதிக் காலத்தில் எழுந்தவை. இப்போதைய ஏற்றம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துக் காற்றில் சேர்த்த கரியமில வாயுவால் வந்தது. சூரியன் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும், அது குளிர்ந்திருக்கிறது. காடு தானாகத் தீப்பிடிப்பது உண்டு என்பதால், தீக்குச்சியோடு நிற்பவனை விட்டுவிட முடியாது.

வேகம் கூடுகிறது என்பதே சர்ச்சைக்குரியது இல்லையா? 2010இல் கடல் இறங்கியதே?

நேர்மையான சர்ச்சையாகத்தான் இருந்தது. 2011இல் ஹூஸ்டன், டீன் என்ற இரு அமெரிக்கக் கரையோரப் பொறியாளர்கள் தங்கள் நாட்டு அளவிகளில் வேகம் கூடிய தடயம் இல்லை என்று எழுதினார்கள். ஒரு நாட்டுக் கரையில் காற்றும் நீரோட்டமும் பல பத்தாண்டுகளுக்கு எண்களை மேலும் கீழும் இழுக்கும். உலகம் முழுதும் சேர்த்துப் பார்த்தால் 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மி.மீ., அடுத்து 2006 வரை 1.9, அதன்பின் 2018 வரை 3.7.

2010, 2011இல் கடல் சுமார் 5 மி.மீ. இறங்கியதும் நிஜம். பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா காலத்துப் பெருமழை ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் கொட்டியது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் விழும் மழை கடலுக்குப் போக வழியே இல்லை. வறண்டு கிடந்த அயர் ஏரி நிரம்பியது. நீர் ஆவியாகித் திரும்பியதும் கடல் விட்ட இடத்தைப் பிடித்து மேலே போனது.

ஐ.பி.சி.சி.யே தப்புச் செய்து மாட்டிக்கொண்டது. அவர்களை எப்படி நம்புவது?

ஐ.நா. சார்பில் பருவநிலை ஆய்வுகளைத் தொகுக்கும் ஐ.பி.சி.சி. குழு, 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று எழுதியது வெட்கக்கேடான பிழை. இந்திய நிலவியலாளர் வி.கே. ரெய்னா 2009இல் வேறு மதிப்பீடு தந்தபோது குழுவின் அன்றைய தலைவர் பச்சௌரி அதை இகழ்ந்தார். 2010 ஜனவரியில் குழு பிழையை ஒப்புக்கொண்டது. நெதர்லாந்தில் 55 சதவீதம் கடல் மட்டத்துக்குக் கீழே என்று எழுதியதும் பிழை. சரியான எண் 26. இவற்றைச் சுட்டிக்காட்டியவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் வெப்பநிலைப் பதிவுகளைச் சந்தேகித்தவர். எண்ணெய்த் தொழிலில் செல்வம் சேர்த்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் அவர் ஆய்வுக்குப் பணம் தந்தது. 2012இல் அவர் வந்த முடிவு: பூமி சூடாவது உண்மை, அநேகமாக முழுக் காரணமும் மனிதர். சந்தேகப்பட்டவர் தானே உட்கார்ந்து கணக்குப் போட்டார், விடை தன் விருப்பத்துக்கு மாறாக வந்தபோது அதை வெளியே சொன்னார். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் 1970களின் இறுதி முதலே சூடேறும் அளவைச் சரியாகக் கணித்து உள்ளுக்குள் எழுதிவைத்தார்கள். நிறுவனம் வெளியே பல ஆண்டுகள் சந்தேகத்தைப் பரப்பியது. இந்த இரண்டு சந்தேகங்களும் ஒன்றல்ல.

2050இல் சென்னை மூழ்கிவிடுமா?

மூழ்காது. அப்படி வரும் வரைபடங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது வெள்ளம் எட்டக்கூடிய தாழ்வான நிலத்தைக் காட்டுகின்றன. தலைப்பு எழுதுபவர் அதை "மூழ்கும்" என்று மாற்றிவிடுகிறார். நிலத்தின் உயரத்தை விண்ணிலிருந்து அளக்கும்போது மரத்தையும் மொட்டைமாடியையும் தரை என்று எண்ணிவிடும் சிக்கலும் உண்டு. அதைத் திருத்தத் திருத்த வரைபடம் மாறும். பள்ளிக்கரணை போன்ற தாழ்வான இடங்களில், கடல் உயர்ந்து நிற்கும் நாளில் மழைநீர் வடியாமல் தேங்கும் நேரம் நீளும். சென்னைக்கு முதலில் வரும் துன்பம் அதுதான்.

அப்படியானால் விஞ்ஞானிகளுக்குள் உண்மையான விவாதம் எதில்?

அண்டார்டிகாவில். இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் உயர்வு, நாம் புகையை எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து, சுமார் 28 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை என்று ஐ.பி.சி.சி. 2021இல் மதிப்பிட்டது. பனிவிரிப்பு நிலைகுலைந்தால் இரண்டு மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது என்றது. மேற்கு அண்டார்டிகாவில் பனியின் அடித்தளமே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வெதுவெதுப்பான நீர் அடியில் புகுந்தால் பனி எவ்வளவு வேகமாக உடையும் என்பதில்தான் ஆய்வாளர்கள் மோதிக்கொள்கிறார்கள். 2016இல் வந்த ஒரு பெரிய மதிப்பீட்டை, அதைச் செய்தவர்களே 2021இல் இந்த நூற்றாண்டுக்குக் குறைத்தார்கள்.

எங்கள் ஊரில் நாங்களே பார்த்துக்கொள்ள வழி உண்டா?

உண்டு. அசையாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: கோயில் படி, குருசடி மேடை, பாலத்தின் தூண். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிப் பௌர்ணமியன்றும் சித்திரைப் பௌர்ணமியன்றும் அங்கிருந்து கரைவரை நாடாவால் அளந்து, அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். மழைக்காலத்தில் போய்க் கோடையில் திரும்பும் மணல் எது, திரும்பாமலே போனது எது என்று மூன்று நான்கு ஆண்டுகளில் புரிந்துவிடும். கரையோரக் கிணறுகள் இரண்டு மூன்றில், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் பொருத்துபவர்கள் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரால் உப்பை அளந்து எழுதுங்கள். நாக்கின் நினைவு போதாது. எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி மீனவர் பஞ்சாயத்தில் வையுங்கள். பக்கத்து ஊரில் கல் கொட்டிய தேதி, துறைமுக வேலை தொடங்கிய தேதி, புயல் கரை கடந்த தேதி மூன்றையும் தவறாமல் குறியுங்கள். அவை இல்லாமல் மற்ற எண்களை யாராலும் படிக்க முடியாது.